மொபைல் ஐபி: ஒரே ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்ந்து படியுங்கள்

வயர்லெஸ் நெட்வொர்க் தேர்வுத் தாளில் பலரும் தள்ளிப்போடும் பகுதி மொபிலிட்டி மேனேஜ்மென்ட், அதாவது கருவி நெட்வொர்க் மாறினாலும் இணைப்பைத் தொடரச் செய்வது. மொபைல் ஐபி அதற்கான ஒரு முறை. ஹோம் ஏஜென்ட், ஃபாரின் ஏஜென்ட், கேர்-ஆஃப் முகவரி, பைண்டிங் அப்டேட் என்று பெயர்கள் வரிசைகட்டி வருவதைப் பார்த்தாலே மலைப்பு வரும். நான் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, சிக்கலிலிருந்து தொடங்கினேன்.

ஐபி முகவரிக்கு இரண்டு வேலை. கருவி எது என்று சொல்ல வேண்டும். அது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். கருவி வேறு நெட்வொர்க்குக்குப் போனால் முகவரி மாறியாக வேண்டும். ஆனால் டிசிபி (தரவை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) இணைப்பை அடையாளம் காட்டுவதே இருபக்க முகவரிகளும் போர்ட் எண்களும்தான். முகவரி மாறினால் இணைப்பு அறுந்துவிடும். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் இதற்கான விடையாகவே தெரியும்.

அடுத்து, தாளில் ஒரே ஒரு பாக்கெட்டின் பாதையை வரையுங்கள். எதிர்முனை (கருவியோடு பேசும் மறுபக்கக் கணினி) அதை ஹோம் முகவரிக்கு (கருவியின் மாறாத முகவரி) அனுப்புகிறது. ஹோம் ஏஜென்ட் (சொந்த நெட்வொர்க்கில் உள்ள ரவுட்டர்) அதை வாங்கி, கேர்-ஆஃப் முகவரி (கருவி இப்போதிருக்கும் நெட்வொர்க்கில் பெற்ற முகவரி) கொண்ட இன்னொரு ஹெடரைச் சுற்றி, டனல் (இப்படிப் பொதிந்து அனுப்பும் பாதை) வழியே அனுப்புகிறது. சாதாரண ஐபிவி4 டனலில் இந்தக் கூடுதல் ஹெடர் 20 பைட், ஐபிவி6-ல் 40 பைட். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பதில் பாக்கெட்டையும் கட்டாயம் வரையுங்கள். அது எதிர்முனைக்கு நேராகப் போவதால் முக்கோணப் பாதை உருவாகிறது. அதன் அனுப்புநர் இடத்தில் ஹோம் முகவரி இருப்பதால், இன்கிரஸ் ஃபில்டரிங் (தன் நெட்வொர்க்குக்குச் சொந்தமில்லாத அனுப்புநர் முகவரியைத் தடுப்பது) செய்யும் ரவுட்டர் அதைத் தூக்கி எறியலாம். ரிவர்ஸ் டனலிங் (பதிலையும் ஹோம் ஏஜென்ட் வழியே டனலில் அனுப்புவது) ஏன் வந்தது என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, படமே சொல்லிவிடும்.

மொபைல் ஐபிவி6-ல் ஃபாரின் ஏஜென்ட் (போன இடத்து நெட்வொர்க்கில் உதவும் ரவுட்டர்) கிடையாது. கருவி எதிர்முனைக்கே பைண்டிங் அப்டேட் (ஹோம் முகவரியை இப்போதைய கேர்-ஆஃப் முகவரியோடு இணைக்கும் செய்தி) அனுப்பி நேர்வழியைத் திறக்கலாம். அப்படியானால் வேறொருவர் பொய்யான அப்டேட் அனுப்பி டிராஃபிக்கைத் திருப்பிவிட்டால்? இந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள், பாடத்தின் அழகான இடம் இதுதான். எதிர்முனை இரண்டு டோக்கன்களைத் தருகிறது: ஒன்று ஹோம் ஏஜென்ட் வழியாக, மற்றொன்று கேர்-ஆஃப் முகவரிக்கு நேராக. இரண்டும் கைக்கு வந்தால்தான் அப்டேட்டுக்கான சாவியை உருவாக்க முடியும். ரிட்டர்ன் ரூட்டபிலிட்டி என்பது இதுதான். ஆர்எஃப்சி 6275 என்ற இணையத் தர ஆவணம் இதை விரிவாகச் சொல்கிறது; அந்தப் பகுதியை மட்டுமாவது மூலத்தில் படியுங்கள்.

ஹேண்டோவர் (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது) தாமதம் பற்றிக் கேட்டால் காரணத்தோடு எழுதுங்கள். ஐபிவி6-ல் புது முகவரி வேறு யாரிடமும் இல்லை என்று சரிபார்க்கவே இயல்பு அமைப்பில் ஏறக்குறைய 1 விநாடி போகிறது. குரல் அழைப்புக்கு அது மிக நீண்ட இடைவெளி. அடுத்த முகவரியை முன்கூட்டியே தயார்செய்யும் ஃபாஸ்ட் ஹேண்டோவர் இதற்காகவே வந்தது. ஹையரார்கிகல் முறைக்கு (இடமாற்றத்தை உள்ளூர் அளவிலேயே கையாள்வது) இரண்டு வரி போதும்.

2008-ல் வந்த ப்ராக்ஸி மொபைல் ஐபிவி6-ஐ ஒப்பிடச் சொன்னால், பைண்டிங் அப்டேட் அனுப்புவது யார் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். இங்கே மொபைல் ஆக்சஸ் கேட்வே (கருவி இணையும் ரவுட்டர்) கருவியின் சார்பில் லோக்கல் மொபிலிட்டி ஆங்கருக்கு (ஹோம் ஏஜென்ட் போன்றது) அனுப்புகிறது. கருவியில் தனி மொபிலிட்டி மென்பொருளே தேவையில்லை.