345 கிலோவுக்குள் ஒரு குடித்தனம்

மாருதி சுசுகியின் சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியான ஜிம்னியை வாங்கிய நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, முன்னால் எந்த பம்பர் போடலாம், கூரையில் எந்த கேரியர் ஏற்றலாம் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் வண்டி இப்போது எத்தனை கிலோ? இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. வண்டியை மலைக்குத் தயார் செய்வது என்றால் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐந்து கதவு ஜிம்னியின் வெற்று எடை ஏறத்தாழ 1,200 கிலோ. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை 1,545. நமக்கு மிஞ்சுவது 345 கிலோ. நானும் மனைவியும் அதில் 140 கிலோவை எடுத்துக்கொள்கிறோம். எஞ்சிய இருநூற்றுச் சொச்சத்துக்குள் தண்ணீர், சமையல், படுக்கை, கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும். இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் மோட்டார் உருளை), கேரியர், கூரைக் கூடாரம் நான்கையும் மாட்டினால் அவை மட்டுமே சாதாரணமாக 120 கிலோவைத் தாண்டிவிடும். அப்புறம் அரிசியை எங்கே வைப்பது?

இமாசலப் பிரதேசத்தின் உயரமான ஸ்பிதி போன்ற இடத்தில் எடை இரட்டிப்பாக உறுத்தும். இது டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிந்து, எஞ்சினின் பலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விடும். சமவெளியில் துள்ளி ஓடிய வண்டி, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் முனகும். 4எல், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசையைக் கூட்டும் தாழ்ந்த கியர் போட்டால்தான் நிதானமாக ஏறும். கூரையில் 60 கிலோவைத் தூக்கி வைத்தால் அந்த முனகல் இன்னும் கூடும். அதோடு சரிவில் சாயும்போது வயிற்றைக் கலக்கும். அதனால் எங்கள் வண்டியின் கூரை வெறுமையாகவே இருக்கிறது.

சட்டமும் இதே பக்கம்தான் தள்ளுகிறது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அம்சங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியின் முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் போன்ற இரும்புத் தடுப்புகளுக்கு 2017 டிசம்பரிலேயே தடை. விபத்தில் பாதசாரியின் உயிரைக் குடிக்கும் இரும்பு அது. ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பும். தடை சரியென்றே நினைக்கிறேன். பின் இருக்கையையும் நான் கழற்றவில்லை, மடித்து மட்டுமே வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் நிமிர்த்திவிட்டால் பழைய குடும்ப வண்டி.

மடித்த இருக்கை சமதளமாக அமையாது, படி போல நிற்கும். அதைச் சமன் செய்து மேலே படுக்கத்தான் பெட்டி. கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் கடையும் பட்டறை என்னுடையது. இரும்பில் செய்துவிட கை பரபரத்தது உண்மை. ஆனால் 12 மி.மீ. மெரைன் பிளைவுட்டில்தான் செய்தேன். ஓரங்களை உருட்டித் தேய்த்து, உட்புறம் இரண்டு கை வார்னிஷ் அடித்து, மூடிக்கு பியானோ கீல் போட்டேன். பெட்டியின் அடியில் ரப்பர் பாய். அது இல்லாவிட்டால் கற்சாலையில் நாள் முழுக்கக் கிரீச்சென்று காது புளித்துவிடும். பின் தளத்தில் சாமான் கட்ட உள்ள கொக்கிகளில் ராட்செட் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறேன். வண்டி திடீரென நின்றால் 30 கிலோப் பெட்டி நம் பிடரியை நோக்கித்தான் வரும், ஆகவே இந்தக் கட்டில் சமரசமே கிடையாது.

தண்ணீர் கேன்கள் இரண்டும் முன் இருக்கைகளுக்குப் பின்னால், கீழே. பாரம் அச்சுகளுக்கு நடுவிலும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். எல்லாம் ஏற்றியபின் லாரி எடைமேடைக்குப் போய் முழு வண்டியை ஒரு முறையும், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறையும் எடை போடுவேன். மேடைக்காரர் இப்போது என்னைப் பார்த்தாலே ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிடுகிறார்.

மின்சாரத்துக்கு 50 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. ஆறேழு கிலோதான், இதே பயன் தரும் ஈயபேட்டரி அதைப் போல் நான்கு மடங்கு கனக்கும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். செப்டம்பர் கடைசியில் ஸ்பிதியின் சந்திரதால் ஏரிப் பக்கம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். எனவே பேட்டரி வண்டிக்குள் நாங்கள் படுக்கும் இடத்திலேயே, பெட்டியின் ஓரத்தில். காலையில் வண்டியின் ஹீட்டர் சிறிது நேரம் ஓடிய பிறகே சார்ஜர் சுவிட்சைப் போடுவேன். ஃபியூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்க வேண்டும். ஒயர் எங்காவது உராய்ந்து தோலுரிந்தால் தீயைத் தடுப்பது அதுதான்.

சமையலில் என் மனைவி விட்டுக்கொடுக்காத ஒரே பொருள் இரண்டு லிட்டர் குக்கர். 4,200 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு கொதித்துக்கொண்டே இருக்கும், அரிசி விதையாகவே நிற்கும். குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே 110 டிகிரியைத் தாண்டும். சோறும் பாசிப்பருப்பும் ஒன்றாக வைத்து, மேலே நெய்யும் பருப்புப் பொடியும். எரிவாயுக் குடுவையை இரவில் படுக்கைக்குள் வைத்துக்கொள்வோம். குளிர்ந்த பியூட்டேன் காலையில் ஆவியாகாது, அடுப்பு எரியாது. எவ்வளவு குளிராக இருந்தாலும் அடுப்பை வெளியில்தான் பற்றவைக்க வேண்டும். மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளை முடித்துவிடும்.

சந்திரதால் 2005 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பாதுகாக்க வேண்டிய நீர்நிலை. ஏரிக்கரையில் தங்கத் தடை; கூடாரங்களுக்கான இடம் சில கிலோமீட்டர் முன்னதாகவே இருக்கிறது. அதைத் தாண்டி வண்டியைக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. நம் ஊரில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அதனால்தான் இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வருகிறோம்.

கிராம்பூவிலிருந்து பாத்தல் வரை சந்திரா நதியை ஒட்டிய சாலைதான் இந்தத் தயாரிப்புக்கெல்லாம் பரீட்சை. டயரில் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிடுவேன். பக்கச்சுவர் சற்றுப் பிதுங்கி, தரையைத் தொடும் பகுதி நீளவாக்கில் கூடும். கற்களின் மீது டயர் தாவாமல் படிந்து போகும். திரும்ப அடிக்க 12 வோல்ட் கம்ப்ரஸர் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் எந்தச் சாமானையும்விட இந்த இலவச மாற்றம் வண்டியின் நடையை மாற்றுகிறது. ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்காலளவு ஓடிய நீர் பிற்பகலில் முழங்காலுக்கு வந்துவிடும்.

வின்ச் இல்லாமல் எப்படி என்பார்கள். இழுபடும் தன்மையுள்ள மீட்புக் கயிறு ஒன்று, அதை வண்டியோடு இணைக்கும் நார்க் கண்ணிகளான சாஃப்ட் ஷாக்கிள் இரண்டு, மண்வெட்டி, டயருக்கு அடியில் கொடுக்கும் பலகை இரண்டு. எல்லாம் சேர்ந்து 15 கிலோவுக்குள். அந்தக் கயிற்றை டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேசிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள், மற்றவர்களைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள்.

சென்ற முறை எடைமேடைச் சீட்டில் 1,510 வந்தது. லாரி மேடை என்பதால் பத்து கிலோ முன்பின் இருக்கும். அடுத்த பயணத்துக்கு முன் பெட்டியின் அடிப்பலகையை 9 மி.மீ. ஆக்கி, நடுவில் ஒரு அலுமினிய ஆங்கிள் கொடுக்கப் போகிறேன். அதில் மிச்சமாகும் எடைக்குக் கூடுதலாக நாலு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.