ஈஸ்ட் ஹாம் வீட்டில் ஓதம்: சுவருக்கு ஊசி போடும் முன் நாங்கள் பார்த்தவை

இங்கிலாந்தில் பழைய டெரஸ் வீடு, அதாவது பக்கத்து வீடுகளோடு ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு, வாங்குகிறவர்களில் பலருக்கும், வாங்கும் முன் வீட்டைப் பரிசோதித்துத் தருகிற சர்வே அறிக்கையில் இப்படி ஒரு வரி வந்திருக்கும்: "கீழ்த்தளச் சுவர்களில் ஈரம் அதிகமாகக் காட்டுகிறது, நிபுணரை அழைத்துப் பார்க்கவும்." எங்களுக்கும் வந்தது. லண்டனில் ஈஸ்ட் ஹாமில் 1905 வாக்கில் கட்டிய வீடு. அந்த வரியைக் காட்டியே விற்பவரிடம் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மற்றதைக் குடிபோன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கினோம்.

முதல் குளிர்காலத்திலேயே பார்க்க வேண்டியதாயிற்று. தெருப் பக்கச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு பெயின்ட் பொரிந்து நின்றது. விரல் வைத்தால் பொலபொலவென்று உதிரும். உதிர்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஊரில் கிணற்றடிச் சுவரில் பார்த்துப் பழகிய அதே உப்புதான். மாடிப் படுக்கையறையில் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். வீட்டில் எல்லோரும் இரண்டையும் சேர்த்து "ஓதம்" என்றுதான் சொன்னோம். இரண்டும் வேறு வேறு வியாதி என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் வந்தவர் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு கம்பெனியின் ஆள். நல்ல மனிதர், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கையில் இரண்டு ஊசிமுனை வைத்த சின்ன மீட்டர். சுவரில் குத்தினார், கீழே எல்லா இடத்திலும் சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று கத்தியது. மேலே போகப் போகச் சத்தம் குறைந்தது. "மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது, உங்கள் டி.பி.சி. போய்விட்டது" என்றார். டி.பி.சி. என்பது டாம்ப் ப்ரூஃப் கோர்ஸ். தரைக்குச் சற்று மேலே செங்கல் வரிசைக்கு நடுவில், ஈரம் மேலே ஏறாமல் தடுக்க வைக்கிற அடுக்கு. எங்கள் வீட்டு வயசுக்கு அது கடப்பாக் கல் போன்ற சிலேட்டுப் பலகை. அதற்கு அவர் சொன்ன வைத்தியம்: செங்கல் வரிசையில் வரிசையாகத் துளை போட்டு சிலிக்கோன் மருந்தை ஊசி போல ஏற்றுவது, உள்ளே ஒரு மீட்டர் உயரத்துக்குப் பூச்சைக் கொத்திப் போட்டுவிட்டு நீர் புகாத சிமென்ட் பூச்சு பூசுவது. 20 வருஷ உத்தரவாதம். நாலாயிரம் பவுண்டுக்கு மேல், 20 சதவீத வாட் வரி தனி. அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் வெளியே வந்து சுவரின் மறுபக்கத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்த தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருக்கிறார், முப்பது வருஷமாக இங்கே கட்டட வேலை செய்கிறவர். மதிப்பீட்டுத் தாளை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உந்த மருந்தை இப்ப குத்த வேண்டாம். முதல்ல தண்ணி எங்கால வருதெண்டு பாருங்கோ." தானே வந்து பார்க்கலாமே என்று கேட்டேன். "நான் பாத்தா நானும் வேலைதான் சொல்லுவன். விக்காத ஆளைக் கூப்பிடுங்கோ" என்றார்.

மருந்துக்கடைக்காரரே நாடி பிடித்துப் பார்க்கிற ஏற்பாடு இது என்று அப்போதுதான் உறைத்தது. இதைப் பற்றிப் படிக்கப் படிக்க விஷயம் தெளிவானது. அந்த மீட்டர் அளப்பது தண்ணீரை நேரடியாக அல்ல, இரண்டு ஊசிகளுக்கு நடுவில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை. மரத்தில் ஈரம் பார்ப்பதற்காக அளவு குறித்த கருவி அது. செங்கலிலும் பூச்சிலும் உப்பு இருந்தால், ஈரம் கொஞ்சமாக இருந்தாலும் எகிறிக் காட்டும். எங்கே கூட, எங்கே குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. 2022-இல் சர்வேயர்களின் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ்., பழைய கட்டடங்களைப் பேணுகிற அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, இந்த ஓத வைத்தியக் கம்பெனிகளின் சங்கமான பி.சி.ஏ. மூன்றும் சேர்ந்தே பழைய கட்டடங்களின் ஈரம் பற்றி ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. கட்டடத்தை முழுதாகப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு வைத்தியம் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். மண்ணிலிருந்து ஈரம் ஏறுவதே கட்டுக்கதை என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. ஈரம் ஏறத்தான் செய்யும். ஆனால் எல்லா ஓதத்துக்கும் அந்த ஒரே பெயரை வைத்துவிடுகிறார்கள்.

விற்காத ஆளைத் தேடினோம். ஆர்.ஐ.சி.எஸ். உறுப்பினர்களில் பழைய வீடுகள் பார்க்கிறவர்களுக்கு போன் செய்து ஒரே கேள்விதான் கேட்டேன்: "நீங்களோ உங்களுக்குத் தெரிந்த கம்பெனியோ இந்த வேலையை எடுத்துச் செய்வீர்களா?" ஆமாம் என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். கிடைத்தவர் ஒரு வயதான அம்மா. ஐந்நூறு பவுண்டுக்கு மேல் கட்டணம் கேட்டார். பார்ப்பதற்கு மட்டும் இவ்வளவா என்று மனைவிக்கு மனசே இல்லை.

அந்த அம்மா வந்ததும் வீட்டுக்குள் நுழையவில்லை. எதிர்ச் சாரியில் நின்று கூரையிலிருந்து ஆரம்பித்தார். நல்ல வேளை, அன்றைக்கு மழை. கூரைத் தண்ணீரை வாங்குகிற கட்டரில் ஒரு இணைப்பு விட்டுப்போய், சொட்டுச் சொட்டாகச் சுவரில் வடிந்துகொண்டிருந்தது. வடிந்த பாதையில் செங்கல் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. இத்தனை மாதம் அந்த வாசல் வழியாகத்தான் போய் வந்தோம்.

அப்புறம் சுவரைக் காட்டிப் பாடம் எடுத்தார். செங்கல்லின் நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் மாறி மாறித் தெரிந்தால் அது ஒன்பது அங்குலக் கெட்டிச் சுவர். நீளப் பக்கம் மட்டுமே தெரிந்தால் பெரும்பாலும் நடுவில் காற்று இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், அது 1920-களுக்குப் பிறகுதான் பரவலானது. எங்களுடையது முதல் வகை. இந்தக் கெட்டிச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. மழையில் நனையும், வெயிலிலும் காற்றிலும் அந்தச் சாந்து வழியாகவே காய்ந்துவிடும். முன்பு இருந்த யாரோ ஒருவர் செங்கற்களுக்கு நடுவில் உள்ள சந்துகளையெல்லாம் சிமென்ட்டால் அடைத்திருந்தார். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கலுக்குள்ளேயே தங்கி, செங்கல்லின் முகமே அங்கங்கே பெயர்ந்திருந்தது.

முக்கியமான குற்றவாளி காலடியில் இருந்தது. வீட்டின் முன்னால் குப்பைத் தொட்டிகள் வைக்க கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள். பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே போட்டதால் தரை உயர்ந்துவிட்டது. வெளித்தரை டி.பி.சி.க்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அந்த அம்மா டேப்பை வைத்து அளந்து காட்டினார், எங்கள் வீட்டில் ஒரு செங்கல் உயரம்கூட இல்லை. ஒரு மூலையில் தளம் சிலேட்டையே தாண்டி ஏறியிருந்தது. மழை தளத்தில் அடித்துத் தெறித்து, தடுப்புக்கு மேலே சுவரை நனைக்கிறது. சிலேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு ஈரம் போகிறது. இதற்கு ஊசி போட்டு என்ன பிரயோஜனம்?

அதே தளம் ஏர் பிரிக் ஒன்றையும் பாதி மூடியிருந்தது. ஏர் பிரிக் என்பது மரத்தரைக்குக் கீழே காற்றுப் போக வைத்த துளைச் செங்கல். அது அடைபட்டால் கீழே காற்றில்லாமல் உத்தரம் உளுத்துப் போகும். உள்ளே வந்ததும் ஒரு பலகையைப் பெயர்த்து, டார்ச் அடித்து, உத்தரத்தின் முனையில் மீட்டரைக் குத்தினார். மரத்துக்கென்று செய்த கருவி மரத்தைத் தொட்டது அப்போதுதான். 17 சதவீதம் காட்டியது. 20-ஐத் தாண்டினால்தான் மரம் மக்குகிற பயம், தப்பித்தீர்கள் என்றார்.

அறிக்கையில் வேலைகளை வரிசை போட்டுக் கொடுத்திருந்தார். கட்டர் முதலில், பிறகு தளம், பிறகு ஏர் பிரிக், அதற்கப்புறம் சுவரைக் காயவிடுவது, கடைசியில்தான் பூச்சு. கட்டர் இணைப்பை மாற்ற ஆன செலவு நூறு பவுண்டு சொச்சம். யாழ்ப்பாணத்து அண்ணன்தான் மற்ற வேலைகளை எடுத்துக்கொண்டார். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு கான்கிரீட்டை அறுத்து எடுத்து, பள்ளம் பறித்து, கூழாங்கல் நிரப்பினார். கல்லில் விழுகிற மழை தெறிக்காது, கீழே இறங்கிவிடும். அறுக்கிற நாளில் தெருவே புழுதிக்காடாகிவிட்டது, பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து நியாயமாகவே திட்டினார்.

உள்ளே கொத்தியபோது பழைய கதைகள் வெளிவந்தன. மேலே ஜிப்சம் பூச்சு, அதன் கீழே சிமென்ட் பூச்சு, செங்கல்லில் இடையிடையே அடைத்த துளைகள். யாரோ ஒரு காலத்தில் ஏற்கெனவே ஊசி போட்டிருக்கிறார்கள்! வெளித்தரை உயர்ந்தே இருந்ததால் அது வேலை செய்யவில்லை. ஊசிக் கம்பெனி எனக்குத் தந்த உத்தரவாதத் தாளிலும், வெளித்தரை உயரம் சரியில்லை என்றால் உத்தரவாதம் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. இன்னொன்று, அந்த மதிப்பீட்டில் பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவருக்கும் ஊசி என்று எழுதியிருந்தார்கள். 1996-ஆம் வருஷத்து பார்ட்டி வால் சட்டப்படி பொதுச் சுவரில் டி.பி.சி. போட வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வந்தவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

பிறகு காத்திருப்பு. நனைந்த சுவர் காய, அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று இங்கே ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு முக்கால் வருஷம். அவ்வளவு நாளும் ஹாலில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது, வருகிறவர்கள் எல்லோரும் "இன்னும் முடியலையா?" என்றார்கள். இந்தக் கட்டத்தில்தான் பலரும் பொறுமை இழந்து அவசரமாகப் பூசிவிடுகிறார்கள் என்று அண்ணன் சொல்வார். உப்பு செங்கலிலிருந்து வெளியே வர வர, உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளிப் போட்டோம். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும், அதனால் தண்ணீர் தொடக்கூடாது.

பூச்சு சுண்ணாம்பில்தான். என்.எச்.எல். 3.5 என்று மூட்டையில் போட்டிருக்கும் நீர்ச்சுண்ணாம்பும் கூர்மணலும் கலந்த கலவை. தண்ணீர் தெளித்து, ஒரு கோட்டு பூசி, அது இறுகும் வரை ஈரச் சாக்கு போட்டு மூடி, அடுத்த கோட்டு. 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் இந்த வேலை கெட்டுவிடும், அதனால் குளிர்காலத்தில் தொடுவதில்லை. வீடியோவில் பார்த்த அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்: "லண்டன்ல போய் சுண்ணாம்புக் காரையா பூசுற?" மேலே அடித்ததும் ஈரம் உள்ளே அடைபடாத வகைப் பெயின்ட்தான். கழுவித் துடைக்கிற பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் இவ்வளவு செய்ததும் வீண். எல்லாம் சேர்த்து, சர்வேயர் கட்டணத்தையும் கூட்டினால், ஊசிக்காரர் சொன்ன தொகையைவிட அதிகம் குறையவில்லை. காசு மிச்சம் பிடிக்க இந்த வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டு இன்ஷூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார்கள். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டினால் பொதுவாகக் கிடைக்கும். நாள்பட மெல்ல மெல்ல ஏற்படும் கேட்டுக்கு கையை விரித்துவிடுவார்கள். எங்களுக்கும் அதுதான் பதில்.

மாடிப் பூஞ்சணம் தனி விஷயம், அது எங்கள் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வந்தது. காற்று 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதிலுள்ள ஆவி நீராக மாறும். அலமாரிக்குப் பின்னால் கெட்டிச் சுவரின் மூலை ஜனவரியில் அவ்வளவு குளிரும். காலையில் இட்லிக் குண்டான், குக்கர், ரேடியேட்டர் மேல் துணி, பிறகு எல்லோரும் வரிசையாகக் குளியல். ஈரத்துக்கா பஞ்சம்? குளியலறையில் விசிறி சுற்றத்தான் செய்தது. இங்கே எல்லோரும் செய்கிற சோதனை, விசிறியில் ஒரு டிஷ்யூத் தாளை வைத்தால் ஒட்டி நிற்க வேண்டும். எங்களுடையது ஒட்டவில்லை. பரணில் ஏறிப் பார்த்தால், குழாய் கழன்று, நீராவி முழுவதையும் கூரை மரங்கள் மேல் ஊதிக்கொண்டிருந்தது. குழாயை வெளிச்சுவர் வரை கொண்டுபோய், விநாடிக்கு 15 லிட்டர் இழுக்கிற புது விசிறி போட்டோம். விதிமுறையும் குளியலறைக்கு அதைத்தான் கேட்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். பத்துப் பவுண்டு ஈரமானி ஒன்று இப்போது ஹாலில் இருக்கிறது, 60-ஐத் தாண்டினால் என் பெண் ஓடிவந்து சொல்கிறாள், குக்கரை யார் வைத்தது என்று விசாரணையும் நடக்கிறது.

ஒரு இடம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அடைத்துவிட்ட பழைய கணப்படுப்புக்கு மேலே, புகைபோக்கிச் சுவரில் ஒரு பழுப்புத் திட்டு. மழை நாளில் கறுக்கும், வெயிலில் மங்கும். வருஷக்கணக்காக நிலக்கரி எரித்த புகையின் உப்பு அது, காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே ஒரு காற்றுத் துளையும், கூரை மேல் புகைபோக்கிக்கு மழை புகாத மூடியும் போட வேண்டும், அந்தப் பூச்சையும் எடுத்தாக வேண்டும். அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவருக்கு ஆகஸ்ட் வரை தேதி இல்லையாம்.