ஒரே ஸ்டாக்கா?

“அப்ப ஒரே ஸ்டாக்னு எழுதிடலாமா, மேடம்?” என்று மீன்வளத் துறை அதிகாரி கேட்டார். அரபிக் கடலிலும் வங்காள விரிகுடாவிலும் பிடிபட்ட மஞ்சள் துடுப்புச் சூரை மீன்களின் மரபணுவை ஒப்பிட்டிருந்த நான், “வேறுபாடு தெரியலை சார்” என்றேன். குறிப்பில் ‘ஒரே ஸ்டாக்’ என்று ஏறியது; அதாவது, ஒன்றாகக் கணக்கிட்டு நிர்வகிக்க வேண்டிய ஒரே மீன் கூட்டம். மஞ்சள் துடுப்புச் சூரையை இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையமும் ஒரே ஸ்டாக்காகத்தான் மதிப்பிடுகிறது என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்துகிறது.

மாதிரிகளில் குறை சொல்ல முடியாது. பருப்பளவு துடுப்புத் துண்டு, 95 சதவீத எத்தனால். திசுவிலிருந்து கசியும் நீர் எத்தனாலை நீர்க்கச் செய்வதால் மறுநாளே புதிதாக மாற்றினோம். பேனா மை கரைந்துவிடும் என்பதால் குழாய்க்குள் பென்சிலில் எழுதிய சீட்டு. குஞ்சுகளில் பெருங்கண் சூரை கலந்தால் இல்லாத வேறுபாடு முளைக்கும். அதனால் ஈரலின் அடிப்பரப்பில் கோடுகள் உண்டா என்று பார்த்தோம், சந்தேகம் வந்தால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் பார்த்தோம். அரபிக் கடல் மீனையும் வங்காள விரிகுடா மீனையும் ஆய்வகத்தில் தனித்தனி டிஎன்ஏ தட்டில் ஓட்டினால் தட்டுகளின் வித்தியாசமே மீன்களின் வித்தியாசமாகத் தெரியும். கலந்துதான் அடுக்கினோம். இரு கூட்டங்களுக்கு இடையிலான மரபணு வேறுபாட்டைச் சொல்லும் எஃப்எஸ்டி (FST) என்ற எண் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றது. நான் சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது? மரபியலாளர் சீவால் ரைட்டின் ‘தீவு மாதிரி’ என்ற கணக்குப்படி, தலைமுறைக்கு 10 மீன்கள் இடம் மாறி இனப்பெருக்கம் செய்தால் எஃப்எஸ்டி சுமார் 0.024. 100 மீன்கள் என்றால் 0.0025, பிழை வரம்புக்குள் எளிதில் மறைந்துவிடும். கூட்டம் ஆயிரமா, பத்து லட்சமா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மரபணுவைக் கலக்க அந்த 100 மீன்கள் போதும். ஒரு பக்கத்தில் பிடித்துத் தீர்த்தபின் கடலை நிரப்ப அவை எந்த மூலைக்கு? அதிகாரிக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டாவது கேள்வியின் விடை. நான் கொடுத்தது முதல் கேள்வியின் விடை.

மீன் எங்கே பிடிபட்டது என்பதும் இருக்கிறது. பல நாள் தங்கிப் பிடிக்கும் படகுகளில் இடம் என்பது ஓட்டுநர் சொல்வதுதான். சரியாகவே சொன்னாலும், அது இரை தேடி வந்த இடமாக இருக்கலாம். அட்லாண்டிக் நீலத் துடுப்புச் சூரையை மேற்கு 45 பாகை தீர்க்கக்கோட்டில் பிரித்து இரண்டு ஸ்டாக்காக நிர்வகிக்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடுவதும் மத்தியதரைக் கடலில் முட்டையிடுவதும் இரை தேடுமிடத்தில் ஒன்றாகத் திரிகின்றன. அங்கே மாதிரி எடுத்தால் பிரிவு மங்கிப்போகும். முட்டையிடும் இடத்தில் கிடைக்கும் குஞ்சுகளிடம்தான் கேட்க வேண்டும். மீனின் காதுக்குள் வளரும் செவிக்கல்லின் மையத்தில், குஞ்சாக இருந்த நீரின் தடயமாகத் தங்கும் ஆக்சிஜன் ஐசோடோப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

“தரவு போதாது” என்று சொல்லியிருந்தால்? பழைய குறிப்பே தொடர்ந்திருக்கும்; அதிலும் ஒரே ஸ்டாக்தான். அப்படி நினைத்துச் சமாதானம் ஆகலாம். ஆனால் முட்டையிடும் பருவத்தில் குஞ்சுகளைச் சேகரிக்க நிதி கேட்பதற்கு ஒரு காரணம் அந்தக் கோப்பில் இருந்திருக்கும். இப்போது அது இல்லை.