முகத்தில் எரியாத களிம்பு ஒன்று கிடைத்தது

ஆடிக் காற்று கிளம்பிவிட்டது என்பது எனக்கு முதலில் கன்னத்தில்தான் தெரியும். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலையில் தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். அம்மியே பறக்கிற காற்றில் மண்ணும் சேர்ந்து முகத்தில் அடிக்கும், அப்புறம் ஆபீசில் நாள் முழுக்க ஏசி, வீட்டுக்கு வந்தால் போரில் வருகிற உப்புத் தண்ணி. போன வருஷம் வெறும் வறட்சியோடு நிற்காமல் மூக்கின் இரண்டு பக்கமும் வாயோரமும் செதில் செதிலாக உரிந்து சிவந்து, பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிய ஆரம்பித்துவிட்டது. சிரித்தால் தோல் இழுத்துப் பிடிக்கும். அதற்கு ஒத்துப்போகிற ஒரு களிம்பைத் தேடி நான் அலைந்ததை எழுதினால், இதே எரிச்சலோடு இருக்கிற யாருக்காவது அலைச்சல் மிச்சமாகும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா கற்றாழை சொன்னார். மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் நன்றாகப் போகும்வரை கழுவித்தான் போட்டேன், முதலில் குளுமையாக இருந்தது, காய்ந்ததும் தோல் இன்னும் விறைத்துக்கொண்டது. கேலமைன் லோஷனும் அப்படித்தான். அரிப்புக்கும் வேர்க்குருவுக்கும் அது நல்ல மருந்து, ஆனால் ஈரத்தை உறிஞ்சுகிற சரக்கு என்பதால் ஏற்கெனவே காய்ந்த முகத்துக்கு ஆகாது. எலுமிச்சை, தயிர், கடலை மாவு என்று சொன்னவர்களிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வெடித்த தோலில் எலுமிச்சை பட்டால் என்ன ஆகும் என்று ஊறுகாய் போடுகிற எல்லாருக்கும் தெரியும்.

மருந்துக் கடையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் இருந்த தம்பி என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதைப் போடுங்கக்கா, ரெண்டே நாள்ல போயிரும்" என்று ஒரு சின்ன டியூபை நீட்டினார். திருப்பிப் பார்த்தால் பீட்டாமெத்தசோன், சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்குகிற மருந்து. ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து. வேண்டாம் தம்பி என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் என் மதினி. இதே மாதிரி ஒரு களிம்பை முகம் வெளுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு மாதக் கணக்கில் போட்டார்; போடுகிறவரை பளபளப்பாகத்தான் இருந்தது, நிறுத்தியதும் முகம் முழுக்கச் சிவந்து, பொரிந்து, கன்னத்தில் சின்னச் சின்ன ரத்த நாளங்கள் வெளியே தெரிகிற அளவுக்குத் தோல் மெலிந்துபோயிருந்தது. இந்த மாதிரிக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018லேயே விதியை இறுக்கிவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது, கேட்காமலும் கிடைக்கிறது. ஸ்டீராய்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய மருந்து அது, அவ்வளவுதான்.

அதனால் தோல் டாக்டரிடமே போனேன். அவர் முதலில் கேட்டது, எதைப் போட்டு முகம் கழுவுகிறீர்கள், எந்தத் தண்ணீரில் என்றுதான். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே செராமைடு மாதிரியான கொழுப்புகள் இருக்கின்றன, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமலும் வெளியே இருக்கிறது உள்ளே நுழையாமலும் காப்பது அதுதான். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது; அடிக்கடி சோப்புப் போட்டால் அந்தக் கொழுப்பு கரைந்து போகும். உப்புத் தண்ணியில் சோப்பு சரியாக நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து தோலிலேயே படிந்து நிற்பதும் சேர்ந்துகொள்ளும். முகத்துக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காலையில் சோப்பே வேண்டாம், வெந்நீர் வேண்டவே வேண்டாம் என்றார். களிம்புக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: வாசனை இருக்கக் கூடாது.

இதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனால்தான் தெரிகிறது, வாசனை இல்லாத களிம்பு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. "இயற்கை", "மூலிகை" என்று பெரிதாகப் போட்டிருக்கிற டப்பாக்களையும் திருப்பிப் பார்த்தேன். லாவண்டர் எண்ணெய், ஆரஞ்சு எண்ணெய், இல்லையென்றால் பர்ஃப்யூம் என்று ஏதாவது ஒன்று இருந்தது. எது அதிகமோ அது முதலில் வருகிற மாதிரிதான் பட்டியல் போடுவார்கள், அதனால் முதல் நாலைந்து பெயர்களைப் பார்த்தாலே சரக்கு என்ன என்று பாதி புரிந்துவிடும். கடைசியில் எனக்கு ஒத்துக்கொண்டது வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, கிளிசரின், கொஞ்சம் ஷியா வெண்ணெய் (ஷியா என்கிற மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கிற கொழுப்பு), அவ்வளவோடு முடிகிற ஒரு களிம்பு. அதையும் நேரே முகத்தில் பூசவில்லை. காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, சில நாள் பொறுத்து, அரிப்பு தடிப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான்.

பூசுகிற விதம் முக்கியம். கழுவியதும் துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்து, முகத்தில் இன்னும் ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, கையை முகத்தில் வைத்து வைத்து எடுக்க வேண்டும். ஜெல்லி ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். காய்ந்த முகத்தில் பூசினால் பிசுபிசுப்புதான் மிச்சம்.

அப்பத்தா வேறு ஒன்று சொன்னார்: கழுவின நெய். ஆயுர்வேதத்தில் நூறு தடவை கழுவச் சொல்கிறார்கள். வெண்கலக்கடைத் தெருவில் ஒரு செம்புத் தாம்பாளம் வாங்கி வந்து, நெய்யில் தண்ணீர் விட்டு உள்ளங்கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீர் விட்டு, அப்பத்தாவும் நானும் மாற்றி மாற்றிச் செய்தோம். மஞ்சள் நெய் மெல்ல மெல்ல வெளுத்து, நெய் வாசமே போய், வெண்ணெய்க்கும் நுரைக்கும் நடுவில் ஒரு பதத்துக்கு வந்தது. தொட்டால் ஜில்லென்று இருக்கும். வாயோரத்து எரிச்சலுக்கு உண்மையிலேயே இதமாக இருந்தது. ஆனால் அதற்குள் தண்ணீர் தங்கியிருக்கும், கெடாமல் இருக்க எதுவும் சேர்க்கவில்லை, அதனால் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். பரு வருகிற முகம் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

வெயில் காலத்துக்குக் கணக்கே வேறு. அக்னி நட்சத்திரத்தில் பகலில் ஜெல்லி பூசிக்கொண்டு வெளியே போனால் வியர்வையும் புழுதியும் ஒட்டி வேர்க்குரு வந்துவிடும். அப்போது பகலில் லேசான லோஷன், இரவில் மட்டும் களிம்பு. வண்டியில் போகும்போது பருத்தித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்து முகம் அலம்பிய பிறகு பூசுகிறேன். கன்னம் இப்போது எரிவதில்லை, உரிவது எப்போதாவது.

நீர் கோத்து வடிந்தாலோ கண் இமை வீங்கினாலோ களிம்பு தேடிக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள். கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை முகத்தில் போட்ட டியூப், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் ஞாபகம் இல்லாமல் "ஏதோ வெள்ளைக் களிம்பு" என்று சொன்னால் அவர்களும் என்ன செய்வார்கள்.