ஏழாம் மாதம்

23 ஆகஸ்ட் 2025, சனி
சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, ஆவிகள் வெளியே வரும் மாதமாம். மின்தூக்கியை விட்டு இறங்கும்போதே ஊதுபத்தி வாசம். புல்லோரத்தில் ஆரஞ்சு, தேநீர், சோற்றில் செருகிய பத்தி. மருத்துவமனைக்கு ஓடும் அவசரத்தில் கால் வைக்கப் போனேன். "ஜாங்கான் பிஜாக், ஆ பாய்!" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி மலாயில் கத்தினார். மிதிக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது, மிதிக்கவே இல்லை.

25 ஆகஸ்ட்
அம்மாவுக்கு இன்னும் மூக்கில் குழாய்தான்.

29 ஆகஸ்ட்
திடலில் கெத்தாய், ஏழாம் மாதத்து மேடைப் பாட்டுக் கச்சேரி. முதல் வரிசை நாற்காலிகள் காலி. கண்ணுக்குத் தெரியாமல் வந்திருப்பவர்களுக்கு. பின்னால் கிழவிகள் கால் கடுக்க நின்றார்கள், ஒருவரும் அதில் உட்காரவில்லை. ஹொக்கியென் சீனத்தில் ஒரு சொல் தெரியாமலே அம்மா இதையெல்லாம் கடைசிப் பாட்டுவரை கேட்பாள்.

2 செப்டம்பர்
ஆன்ட்டி சொன்ன கதை தூங்கவிடவில்லை. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர். சீனத்தில் அவர் முலியான். இறந்துபோன தாயைத் தேடிப் போகிறார். அவள் பசித்த பேய்களுக்கு நடுவே, எலும்பும் தோலுமாக. சோறு கொடுக்கிறார். வாய்க்குப் போகுமுன் அது நெருப்புக் கங்காகிவிடுகிறது. புத்தரிடம் அழுகிறார். ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள், மழைக்காலத் தவம் முடிக்கும் துறவிகளுக்கு அன்னமிடு, தாய் மீள்வாள் என்கிறார் புத்தர். அந்தப் பேய்களுக்கு ஊசி போலத் தொண்டையாம். பசி மட்டும் மலையளவு.

ஊசி போலத் தொண்டை. அம்மாவின் குழாயைப் பற்றி ஆன்ட்டியிடம் நான் சொன்னதே இல்லை.

6 செப்டம்பர்
பதினைந்தாம் நாள். தகரப் பீப்பாயில் காகிதப் பணம் எரிகிறது, சாம்பல் ஏழாம் மாடிவரை வருகிறது. இருட்டியபின் துணி வெளியே தொங்கக் கூடாதாம். அம்மாவின் சேலையை உள்ளே எடுத்துவிட்டேன். ஆன்ட்டி முன்னோருக்கு ஒரு படையல் வைத்தார், கேட்பாரற்ற ஆவிகளுக்குத் தனியாக இன்னொன்று. யாரென்றே தெரியாதவர்களுக்கும் சோறு. எனக்கு நெஞ்சை அடைத்தது. நானும் ஒரு தாள் கேட்டேன். யாருக்கு என்றார். பதில் வரவில்லை. "அம்மா இருக்கிறாரே. உயிரோடு இருப்பவருக்கு எரிக்காதே" என்று தாள்கட்டை மூடிவிட்டார்.

அப்பாவுக்குத்தான் கேட்டேன். அப்பாவுக்குத்தான்.

8 செப்டம்பர்
விடியற்காலை கிரகணம். பார்க்கவில்லை.

14 செப்டம்பர்
கெட்டியாக்கிய தண்ணீர், அரை ஸ்பூன். இருமல்.

20 செப்டம்பர்
இரண்டு ஸ்பூன். இறங்கியது! தொண்டை அசைந்ததைப் பார்த்தேன்.

நாளையோடு ஏழாம் மாதம் முடிகிறது, ஆவிகள் வந்துபோகும் வாசலைச் சாத்திவிடுவார்களாம். நமக்கு அதே நாள்தான் மகாளய அமாவாசை. எள் வாங்கிவிட்டேன். காலையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும், அப்புறம் நேரே வார்டு. மூன்றாவது ஸ்பூன் நாளைக்கு என்றிருக்கிறார்கள்.