தாத்தாவின் சீழ்க்கை

இன்று ஒடுகத்தூர் பஸ்ஸில் வந்தேன். நடத்துநரின் விசில் ஒரு முறை ஒலித்தால் பஸ் நிற்கிறது, இரு முறை ஒலித்தால் கிளம்புகிறது. உடனே தாத்தா நினைவுக்கு வந்துவிட்டார்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவர் அவர். நாக்கை மடித்து, இரண்டு விரலை வாயில் வைத்து நீட்டி அடித்தால், ஓடைக்கு அப்பால் மேயும் ஆடுகளும் திரும்பிவிடும். வெட்டி வெட்டி அடித்தால், நரி வந்திருக்கிறது என்று எங்களுக்குப் பொருள். சங்கப் பாடல்களில் இதற்கு 'வீளை' என்று பெயர். அங்கும் இடையனின் வீளைக்குக் குள்ளநரி அஞ்சி ஓடுகிறது. எவ்வளவு அழகான சொல்! (ஸ்பெயினின் லா கொமேரா தீவில் முழு வாக்கியங்களையே சீழ்க்கையால் பேசுகிறார்கள், 2009-இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.)

பெண்பிள்ளை சீழ்க்கை அடிக்கலாமா என்று அம்மா தடுத்தபோது, தாத்தாதான் மாந்தோப்புக்கு அழைத்துப்போய் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நாளை என் மகளை அதே தோப்புக்கு அழைத்துப்போகிறேன்.