பேசாப் பிள்ளைகள் பேசிய வழி: நெல்லையிலிருந்து செந்தூருக்கு நடந்து

பேரனுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சிக்கு மகள் அவனைத் தூக்கிக்கொண்டு வாரந்தோறும் அலைந்தாள். வேண்டும் என்றால் கையைப் பிடித்து இழுப்பான், வேண்டாம் என்றால் தரையில் உருளுவான், அவ்வளவுதான். "இவன் வாயைத் திறந்துவிடு முருகா, நெல்லையிலிருந்து நடந்தே வந்து உன் வாசலில் நிற்கிறேன்" என்று ஒரு கிருத்திகை அன்று வேண்டிக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சியா வேண்டுதலா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. போன ஆடியில் அடுப்படிக்கு வந்து, என் சேலையைப் பிடித்துக்கொண்டு "ஆச்சி" என்றான். சட்டியில் தாளித்தது கருகிப்போனது.

அதனால்தான் இந்தத் தைப்பூசத்துக்கு நடை. நானும், தம்பியும் அவன் வீட்டுக்காரியும், எங்கள் தெருவில் வருஷாவருஷம் நடக்கிறவர்கள் சிலரும். மகளும் மருமகனும் பிள்ளையோடு பின்னால் பஸ்ஸில் வந்துவிடுவதாக ஏற்பாடு. எனக்கு முட்டி வலி உண்டு. "அக்கா, உனக்கு எதுக்கு இந்த வேலை, இங்க குறுக்குத்துறை முருகனைப் போய் கும்பிட்டு வந்துரு" என்றான் தம்பி. கடனை அவனா கட்டப்போகிறான்?

நெல்லையப்பரையும் காந்திமதி அம்மனையும் கும்பிட்டுவிட்டுச் சாயங்காலம் புறப்பட்டோம். தாமிரபரணியைக் கடப்பது சுலோசன முதலியார் பாலத்தில். 1843-இல் அந்த மனுஷர் கைக்காசைப் போட்டுக் கட்டிக்கொடுத்தது. அதற்கு முன்பு பாளையங்கோட்டைக் கரைக்குப் போக வேண்டியவர்கள் படகுத்துறையில் காத்துக் கிடந்தார்கள். பாலத்தின் நடுவில் நின்று ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு. பாளையங்கோட்டை தாண்டி, நான்குவழிச் சாலையின் இரைச்சலையும் தாண்டினால் செந்தூர் ரோடு.

அரசாங்கக் கணக்கில் இது மாநில நெடுஞ்சாலை 40. அம்பாசமுத்திரம் பக்கமிருந்து பாளையங்கோட்டை வழியாகத் திருச்செந்தூர் வரை வருகிறது. மாநிலச் சாலை என்பதால் மைல்கல்லின் தலையில் பச்சை பூசியிருப்பார்கள். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் கட்டி நடக்கிற கூட்டத்துக்கு அதுவும் பச்சை சாத்தியது மாதிரித்தான் தெரிந்தது. நடக்கும்போது இப்படி என்னவாவது தோன்றிக்கொண்டே இருக்கும்.

இரவு நடைக்குக் கிருஷ்ணாபுரம் நல்ல இடம் என்பார்கள், ஆனால் கோவில் நடை சாத்தியிருக்கும். கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்துச் சிற்பங்களை அவசரம் இல்லாத ஒரு நாளில் வந்து பாருங்கள். அங்கே இருக்கிற குறத்தி சிலையின் விரல் நகத்தைக்கூட விடாமல் செதுக்கியிருப்பார்கள். நாங்கள் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினோம். செய்துங்கநல்லூரில் சுக்குக் காப்பி. கருங்குளத்தில் வகுளகிரி அடிவாரத்தில் படுத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தோம். மேலே மலையில் சந்தனக் கட்டை வடிவில் பெருமாள், இடப்பக்கம் ஆறு. பனிக்குத் தலையில் துண்டு கட்டாமல் படுக்க முடியவில்லை.

இந்த ரோட்டைப் போட்டது யார் என்று தம்பி கேட்டான். தார் போட்டது வேண்டுமானால் அரசாங்கமாக இருக்கலாம், வழியைப் போட்டது ஆறுதான். தென்கரையை ஒட்டிக் கோவிலும் வயலும் ஊருமாகப் போய், தென்திருப்பேரை தாண்டியதும் ஆறு புன்னைக்காயலைப் பார்த்துப் போக, ரோடு செந்தூரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. 1923-இல் நெல்லையிலிருந்து செந்தூருக்கு ரயில் வந்தது. அதுவரைக்கும் மாட்டுவண்டி, இல்லாவிட்டால் கால். எத்தனை காலத்துக் கால் என்பதற்கு, பழங்கால ஜனங்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர் பறம்பே சாட்சி. 1876-இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழி தாழியாக எடுத்தார்கள். அந்தத் தாழிக்குள் இருந்தவர்களும் முருகனின் வேலைக் கும்பிட்டவர்கள்தான் என்று எங்கள் கூட்டத்துப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொன்னார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. விடியற்காலையில் அந்த இடத்தைத் தாண்டும்போது யாரும் அதட்டாமலே எல்லோரும் அரோகரா போட்டோம்.

புதுக்குடியில் டீ. எதிர்க்கரையில் ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு அங்கேதான். 2023 டிசம்பரில் மழை கொட்டியதே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., அப்போது செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் இந்த ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில்தான் மாட்டிக்கொண்டது. சுற்றிலும் வெள்ளம், தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்கும்போது, புதுக்குடி ஜனங்கள் கோவிலில் அடுப்பு மூட்டி ரயிலில் வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். இந்த ரோடும் அப்போது பல இடத்தில் அறுந்துபோனது. டீக்கடை அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "இருந்த அரிசியப் போட்டோம், இதுல என்ன இருக்கு" என்று அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

ஆனால் ஸ்ரீவைகுண்டம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த ஊரில் பிறந்த புலவர் குமரகுருபரர். ஐந்து வயது வரை பேசாத பிள்ளை. சண்முகசிகாமணிக் கவிராயரும் சிவகாமசுந்தரி அம்மையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தூர் போய், சந்நிதியே கதி என்று கிடந்தார்கள். பிள்ளை வாய் திறந்தது. திறந்த வாய் கந்தர் கலிவெண்பா பாடியது. அந்த அம்மை இந்த ஆற்றைத் தாண்டி, ஏறக்குறைய இதே வழியாகத்தானே போயிருக்க வேண்டும்? அன்றைக்கு அணையும் இல்லை, பாலமும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை இடுப்பில் கனக்குமே என்று எனக்கு அந்த நினைப்பாகவே இருந்தது. அடுக்களையில் எத்தனை பேர் என்னென்ன சொல்லியிருப்பார்கள்! என் மகளிடமே சொன்னார்களே, "கர்ப்பத்தில் நீ ஏதாவது பயந்தியா" என்று.

அடுத்து ஆழ்வார்திருநகரி. அங்கேயும் ஒரு பேசாப் பிள்ளை! பிறந்ததிலிருந்து வாய் திறக்காமல் புளியமரப் பொந்தில் பதினாறு வருஷம் இருந்த நம்மாழ்வார், மதுரகவி வந்து கேள்வி கேட்டதும் "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்" என்று பேசினார். அப்புறம் தமிழில் வந்ததெல்லாம் ஊரறிந்த கதை. உறங்காப்புளி என்கிற அந்த மரத்தைச் சுற்றி வந்து நின்றேன். ஆற்றின் இரண்டு கரையிலும் எதிரெதிராக இப்படி இரண்டு பிள்ளைகள். வருஷக்கணக்காகப் பஸ்ஸில் இந்த வழியாகப் போயிருக்கிறேன், இரண்டையும் சேர்த்து நினைத்ததே இல்லை. காலில் போனால்தான் சில விஷயங்கள் பிடிபடுகின்றன. பேரனுக்கு வேண்டிக்கொள்ள எனக்கு வேறு வழி ஏன் தோன்றவில்லை, இந்த வழி மட்டும் ஏன் தோன்றியது என்று அந்தப் புளியமரத்தடியில்தான் புரிந்தது. வழியைக் காட்டியது முருகன்தான்.

தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதரைத் தரிசித்தோம். அதற்குப் பிறகுதான் சோதனை. வெயில் ஏறிவிட்டது. ரோட்டோரம் கப்பிக்கல், நடக்கிறவர்களுக்கு ஒதுங்க ஒரு முழம்கூட இல்லாத இடங்கள். காரில் போகிற பக்தர்களே நடக்கிற பக்தர்களை உரசிக்கொண்டுதான் போகிறார்கள். முந்தின இரவில் போலீஸார் எங்கள் பையில் ஒளிரும் பட்டை ஒட்டிவிட்டார்கள், அவர்களுக்குப் புண்ணியம். பகலில் அதற்கும் வேலையில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழி நெடுக அன்னதானம் போடுகிறவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் வாங்கித் தின்றுவிட்டுத் தட்டையும் பாக்கெட்டையும் வாழைத் தோட்டத்துக்குள் வீசுகிறார்களே, அது எந்த ஊர்ப் பக்தி?

குரும்பூரை நெருங்கும்போது வலது குதிகால் கொப்புளம் உடைந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும், ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். ரோட்டோரத்தில் ஒரு வயதான அம்மா பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். "காலை நீட்டு தாயி" என்றார். நான் கூச்சப்பட்டேன், அவர் கேட்கவில்லை. கிழங்கு அவித்த சட்டியில் மிச்சமிருந்த வெந்நீரில் துணியை நனைத்து, ஒட்டியிருந்த மண்ணையும் தோலையும் துடைத்தார். முந்தானை முடிச்சிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தார். மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்தது. வருஷாவருஷம் பூசத்துக்குக் குழைத்து வைத்துவிடுவாராம். "என்னால நடக்க முடியல, நடக்கிற காலையாவது தொடுதேன்" என்றார். நான் கொடுத்த ரூபாயை வாங்கவில்லை. "எனக்கும் சேத்து ஒரு கும்பிடு போடு" என்றார், அவ்வளவுதான். பேரைக் கேட்டேன். "செந்தில் ஆண்டவனுக்குத் தெரியும், போ" என்று விரட்டிவிட்டார்.

அம்மன்புரம் வரை வந்தது எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. கோபுரம் கண்ணில் பட்டதும் வலி எங்கே போனதோ.

செந்தூருக்குள் நுழைந்தால் முருகனுக்கு முன்னால் தரகர்கள் தரிசனம்! "அம்மா, அரை மணியில உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர், அவரை விட்டால் "எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்று இன்னொருவர். பிள்ளையோடு வந்த மருமகனை அதற்குள் இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். "நடந்து வந்தவளுக்கு நிற்கத் தெரியாதா" என்று சொல்லி எல்லோரையும் இலவச வரிசைக்கு இழுத்துவந்தேன். தூண்டுகை விநாயகருக்குத் தேங்காய், கடலில் குளியல், நாழிக்கிணற்றில் தலையில் தண்ணீர், பிறகு வரிசை. வரிசை என்றால் அப்படி ஒரு வரிசை! கம்பிக்குள் மூச்சு முட்டியது. குறுக்கே புகுந்தவர்களைத் திட்டிக்கொண்டே அரோகரா சொன்னோம். பேரன் "ஏன் நிக்கோம், ஏன் நிக்கோம்" என்று நூறு தடவை கேட்டிருப்பான். எனக்கு அது திருப்புகழாகத்தான் கேட்டது.

உள்ளே மருமகன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். திடீரென்று எதிரே அவன். வெள்ளியும் பூவுமாக, கடலைப் பார்த்து நிற்கிற அந்த முகம். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். நன்றி சொல்ல வேண்டும், பனங்கிழங்கு அம்மாவின் கும்பிடைச் சேர்க்க வேண்டும். ஒரு வார்த்தை வரவில்லை. தொண்டை அடைத்துவிட்டது. கைதான் கும்பிட்டது, ஒன்று எனக்கு, இன்னொன்று அந்த அம்மாவுக்கு. அங்கே நிற்கிற பணியாளர் "நகருங்க, நகருங்க" என்று தள்ளிக்கொண்டே இருந்தார். நான் நகரவில்லை. அப்போது மருமகன் தோளிலிருந்து கணீரென்று ஒரு குரல்: "ஆச்சி, நகருங்க! நகருங்க!"

தள்ளிக்கொண்டிருந்தவரே சிரித்துவிட்டார். பின்னால் நின்ற ஜனம் சிரித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் எந்தப் பக்கம் வெளியே போனேன் என்று தெரியாது. குமரகுருபரருக்குக் கலிவெண்பா கொடுத்தான். என் பேரனுக்கு "நகருங்க" கொடுத்தான். போதும் அப்பனே, எனக்கு இது கலிவெண்பாதான்.

பன்னீர் இலை விபூதியைப் பிரித்துப் பிள்ளை நெற்றியில் பூசினேன், என் குதிகாலிலும் கொஞ்சம் பூசினேன். பஞ்சலிங்கம், சண்முகர், வள்ளி, தெய்வானை என்று அப்புறம் எந்தச் சந்நிதிக்கு முன்னால் எந்தச் சந்நிதி போனோம் என்று கேட்காதீர்கள். புதுக்குடி டீக்கடை அம்மாவுக்கு, பட்டை ஒட்டிய போலீஸ்காரத் தம்பிக்கு, வாரந்தோறும் பேச்சு சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணுக்கு, வாயைத் திறக்காமல் என் பையையும் சுமந்து வந்த தம்பி வீட்டுக்காரிக்கு என்று ஒவ்வொருவருக்காகவும் பிராகாரத்தில் விழுந்து விழுந்து கும்பிட்டேன். முட்டி வலி என்று ஒன்று இருந்ததே நினைவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் பேரன் கண்டக்டரிடம் ஆரம்பித்து டிரைவர் வரை எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். "இவன் கொஞ்சம் வாயை மூடினா தேவலை" என்று மகள் தலையில் கைவைத்தாள். அதற்கெல்லாம் நான் வேண்டிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டேன்.